மொடல் இல்லாமல் மனித உடல்: நிர்வாண ஓவியம் பழக வருவோருக்கு

உடலை வரையப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது "மொடலுக்கு எங்கே போவது?" என்பதைத்தான். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஆடையின்றி அமர ஆள் தேடிக் காலத்தைப் போக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் கலைப்பள்ளிகளில்கூட ஓவிய மாணவர் பொதுவாக முதல் நாளே மொடலின் முன் உட்கார்ந்ததில்லை. அச்சுப் படங்களைப் பார்த்துப் படியெடுப்பார்; பிறகு சாந்துச் சிலைகள்; அவற்றில் கை தேறிய பின்புதான் உயிருள்ள உடல். இதில் முதற்பகுதியை வீட்டு மேசையிலேயே முடிக்கலாம். உயர்தரத்தில் சித்திரம் எடுத்தவர்களுக்கும், கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக ஆயத்தமாகிறவர்களுக்கும், வேலை முடிந்து இரவில் மட்டும் வரையக் கூடியவர்களுக்கும் இது பொருந்தும்.

கரி, கடதாசி, பாண்

வர்ணத்துக்கு அவசரப்பட வேண்டாம். கரியும் பெரிய கடதாசியும் போதும். டிமைத் தாள் நல்லது. பார்சல் கட்டும் பிரவுண் பேப்பர் இன்னும் நல்லது. அதன் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும், அதில் கரி ஒட்டாது. சொரசொரப்பான பக்கத்தில் வரையுங்கள்.

கரிக்கோலை வீட்டிலேயே சுடலாம். ஆந்திரத்துக் கலம்காரிக் கைவினைஞர் புளியங்குச்சிக் கரியாலேயே கோடு போடுகிறார்கள். பென்சில் பருமனான, கணு இல்லாத புளியங்குச்சிகளை ஒரு சாண் அளவுக்கு வெட்டிப் பட்டை உரித்து இரண்டு நாள் வெயிலில் காய விடுங்கள். பால்மாத் தகரத்தில் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சிறு துளை போட்டு, விறகு நெருப்பில் வையுங்கள். துளையால் வரும் புகை நின்றதும் இறக்கலாம். ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் உள்ளே இருப்பது தீப்பிடித்துச் சாம்பலாகிவிடும். நடுவில் பழுப்பாக இருந்தால் வேக்காடு போதவில்லை, தாளைக் கீறும். தொட்டதும் நொறுங்கினால் அதிகம் சுட்டுவிட்டீர்கள். சிரட்டைக் கரி வேண்டாம். அது மிகக் கடினம்.

அழிறப்பருக்குப் பதிலாகப் பாணின் உட்பகுதியை உருட்டிப் பயன்படுத்துங்கள். ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாகச் செய்தது இதுதான். கரியைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பட்டர் பூசிய பாண் எண்ணெய்க் கறையை விட்டுவிடும். வேலை முடிந்ததும் துணுக்குகளைக் கூட்டாவிட்டால் விடிவதற்குள் எறும்பு வந்துவிடும்.

அடுத்தது தூக்குநூல், நேர் நிலைக்குத்தைக் காட்டும் நூல். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைத் தையல் நூலில் கட்டினால் முடிந்தது. இதை வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களின் உருவங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

ஒரு கால எச்சரிக்கை. மார்கழி மழையில் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கரி பிடிக்காமல் வழுக்கும். தாளை ஓர் இரவு மெத்தைக்கு அடியில் தட்டையாக வைத்து எடுத்தால் ஓரளவு சரியாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதற்கு நேர்மாறு: அக்ரிலிக் வர்ணம் தட்டிலேயே காய்ந்து தோல் போடும். அந்த மாதங்களில் எண்ணெய் வர்ணமே கைக்கு அடங்கும்.

படத்தை எடுப்பது

பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் ஓவியங்களின் தெளிவான படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. முகநூலில் சுற்றும் படங்களை எடுக்காதீர்கள். நிறம் ஏற்றப்பட்டிருக்கும், ஓரம் வெட்டப்பட்டிருக்கும். போனில் பார்ப்பதானால் இரவு மஞ்சள் ஒளியை நிறுத்தி, வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொமினிகேஷன் கடையில் வீனஸை, ஐரோப்பியர் ஆடையின்றி வரையும் காதல் தெய்வத்தை, அச்சடிக்கக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பது எல்லோருக்கும் இயலாது. அப்படிப்பட்டவர்கள் தொடக்கத்தில் பாகம் பாகமாக அச்சடிக்கலாம்: பாதம், தோள், முதுகு. பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் பார்க், இன்னோர் ஓவியரான ஜெரோமோடு சேர்ந்து 1860களின் பிற்பகுதியில் மாணவர்களுக்கென்று வெளியிடத் தொடங்கிய படியெடுப்புத் தாள்கள் இதற்கு மிகப் பொருத்தம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றில் முதல் வரைவு நேர்கோடுகளால் ஆன கூடாக இருக்கும், பக்கத்தில் முடிந்த உருவம் இருக்கும். இரண்டையும் வரையுங்கள், கூட்டைத் தாண்டிக் குதித்தால் பிழை எங்கே நுழைந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கறுப்பு வெள்ளையில் ஏ4 அளவில் அச்சடித்து, 3 செ.மீ. சதுரங்கள் போடுங்கள். முதல் சில படிகளுக்குச் சதுரம் போதும். பிறகு சதுரத்தை விட்டுவிட்டு நடுக்கோடும் தூக்குநூலும் மட்டும் வைத்து வரைய வேண்டும். சதுரத்தையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கடைசிவரை நகலெடுப்பார்கள், பார்க்க மாட்டார்கள்.

அளவு: தலையா, முகமா?

நம் சிற்ப மரபில் அலகு முகம். மயிர் தொடங்கும் இடத்திலிருந்து நாடி வரை ஒரு தாளம், அது 12 அங்குலம். இங்கே அங்குலம் என்பது அந்தச் சிலைக்கே உரிய அலகு, அடிமட்டத்தைத் தூக்காதீர்கள். முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாளம் 124 அங்குலம், தேவியருக்குரிய மத்திம தசதாளம் 120. உரோமையக் கட்டடக்கலைஞர் விற்றுருவியஸும் முகம் உடலின் பத்தில் ஒன்று என்றே எழுதினார். ஆனால் இன்று கிடைக்கும் ஆங்கில வழிப் பாடங்கள் உச்சியிலிருந்து நாடி வரையான முழுத் தலையால் அளக்கின்றன. சராசரி உடல் ஏழரைத் தலை. இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று முரணில்லை. ஒன்றை மற்றதாக எடுத்தால்தான் பத்துத் தலை உயர இராட்சதர் பிறக்கிறார்.

ஒரு பயிற்சி. 30 செ.மீ. நிலைக்குத்துக் கோடு போடுங்கள். தலை 4 செ.மீ., முகம் 3 செ.மீ. மேலிருந்து 8 செ.மீ.யில் முலைக்காம்பு மட்டம், 12இல் தொப்புள், 15இல், அதாவது சரிபாதியில், இடுப்பெலும்பின் அடி. தரையிலிருந்து ஏறத்தாழ 8 செ.மீ. மேலே முழங்கால் சில்லின் கீழ்விளிம்பு. புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தலையைப் பெருப்பித்துப் பாதத்தைச் சுருக்குவார்கள். கண் முகத்திலேயே நிற்பதால் கையும் அங்கேயே நிற்கும். எனவே பாதத்தை முதலில் குறியுங்கள்.

அளவு பழகியதும் எலும்பு முனைகள். கழுத்துக்குழி, இரண்டு தோள் முனைகள், இடுப்பெலும்பின் இரு முன்முனைகள், முழங்கால் சில்லுகள், கணுக்கால்கள். மெலிந்தவரிலும் பருத்தவரிலும் தோலுக்கு அருகே இருப்பவை இவைதான். உட்கணு வெளிக்கணுவை விட உயரத்தில் இருக்கும். இதைத் தலைகீழாகப் போட்டால் பாதம் மரக்கட்டை போலாகும்.

ஒருவர் ஒரு காலில் பாரத்தை வைத்தால் அந்தப் பக்க இடுப்பு மேலேறும், அதே பக்கத் தோள் கீழிறங்கும். கழுத்துக்குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால் பாரம் தாங்கும் காலின் உட்கணு அருகே விழும். விழாவிட்டால் உருவம் சரிந்து விழப்போகிறது என்று பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சிற்பிகள் கண்டுகொண்ட இந்த நிலையும் நம் சிலைகளின் மூன்று வளைவு நிலையான திரிபங்கமும் ஒரே எலும்பு விதியில் நிற்கின்றன.

இதற்கு நல்ல பாடம் நம் கரையிலிருந்தே போயிருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிழக்குக் கரையில் கிடைத்த, பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலை, பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 செ.மீ. உயரம், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் 1830இல் கொடுத்தது. மேலுடல் திறந்திருக்கிறது, கீழாடை தோலோடு ஒட்டிக் கணுக்கால் வரை இறங்குகிறது. முப்பது வருடம் போலப் பொதுமக்கள் கண்ணில் படாமல் அறிஞர்களுக்கு மட்டும் காட்டினார்களாம். வழிபாட்டுக்கென்று வார்த்த உருவத்தைப் பார்த்து வெட்கப்பட்டவர்கள் யார் என்பது கவனிக்கத்தக்கது. அதன் முன்பக்கப் படத்தில் மேற்சொன்ன எலும்பு முனைகளைப் புள்ளியிட்டுச் சேருங்கள். இரண்டு தோளையும் இணைக்கும் கோடும் இடுப்புக் கோடும் எவ்வளவு சாய்கின்றன என்று அளந்து பார்த்த பின்பே வெளிக்கோட்டைத் தொடுங்கள்.

ஒரே தேவாலயம், இரண்டு ஏவாள்

இனி ஒளி நிழல். புளோரன்ஸில் பிரங்காச்சி சிற்றாலயத்தின் சுவர்களில், 1420களில், இரண்டு ஓவியர்கள் ஆதாமையும் ஏவாளையும் எதிரெதிரே வரைந்தார்கள். மசோலினோவின் சோடி கனி உண்ணும் முன் நிற்கிறது. மசாச்சோவின் சோடி தோட்டத்திலிருந்து அழுதுகொண்டு வெளியேறுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உள்ளங்கை அளவில் வரையுங்கள். மசோலினோவின் உடல்கள் மென்மையானவை, பாரமற்றவை. மசாச்சோ அந்த ஆலயத்தின் உண்மையான யன்னல் இருக்கும் திசையிலிருந்தே ஒளி விழுவதாக வரைந்தார்; உடல் இரண்டாகப் பிரிகிறது, ஒளிப் பக்கம், நிழற் பக்கம். ஏவாளின் கைகள் மறைக்கும் சைகை பழைய வீனஸ் சிலைகளில் நாணம், இங்கே அவமானம். பிற்காலத்தில் யாரோ இவர்களுக்கு இலை வரைந்து மூடினார்கள், 1980களில் துப்புரவு செய்தபோது அகற்றினார்கள். பழைய அச்சுப் புத்தகத்தில் இலையோடு இருந்தால் குழம்ப வேண்டாம்.

செய்முறை: நிழற் பக்கம் முழுவதையும் ஒரே தொனியில், அதாவது ஒரே அளவு இருட்டில், நிரப்புங்கள். உள்ளே எதையும் வரையாதீர்கள். உடல் அப்போதே எழுந்து நிற்கும். நிற்காவிட்டால் நிழலின் எல்லைக்கோடு பிழை. உள்ளே விவரம் சேர்த்து அதைத் திருத்த முடியாது.

டிஷியனும் மனேயும்

முழு வழிகாட்டியிலும் ஒரு பயிற்சிக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வெனிஸ் ஓவியர் டிஷியனின் 'உர்பினோ வீனஸ்', 1538, 119 × 165 செ.மீ. பாரிஸ் ஓவியர் மனேயின் 'ஒலிம்பியா', 1863, 130.5 × 190 செ.மீ. இரண்டாவது முதலாவதைப் பார்த்துச் செய்தது. 1850களில் மனே புளோரன்ஸில் டிஷியனின் அந்தப் படத்தையே சிறிதாகப் படியெடுத்திருக்கிறார். ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் உங்கள் சட்டங்கள் 23.8 × 33 செ.மீ., 26.1 × 38 செ.மீ. இரண்டும் ஏ3 தாளில் அடங்கும்.

முதலில் டிஷியன். உடலைத் தொட முன் அவள் பின்னால் இருக்கும் இருண்ட திரையை வரையுங்கள். அதன் நேரான விளிம்பு மேலிருந்து இறங்கி இடது கை இருக்கும் இடத்துக்கே கண்ணைக் கொண்டுவந்து விடுகிறது. அந்தக் கோடு இடம் மாறினால் படம் முழுவதும் கெடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து உடல் முழுவதையும் ஒரே வெளிர்த் தொனியாக நிரப்புங்கள். அதன் மேல் ஐந்து தொனிகள் வரை ஏறலாம்: மார்பின் அடி, வயிற்றின் வளைவு, தொடைகள் சேரும் இடம். நடுத்தொனிகளை விரலால் தேய்க்காதீர்கள். விரலின் எண்ணெய் தாளில் இறங்கி, அந்த இடம் பிறகு கரியையும் ஏற்காது, அழியவும் மாட்டாது. பழைய பருத்தித் துணி போதும். விரிப்பைத் தொடும் வெளிக்கோட்டைச் சில இடங்களில் கரைய விடுங்கள். உடலின் பாரம் மெத்தையில் இறங்குவது அந்தக் கரைசலில்தான்.

அடுத்தது மனே. மூன்று தொனிகளே அனுமதி: கறுப்பு, வெளிர், வெள்ளை. ஒளி முன்னாலிருந்து விழுகிறது, நிழல் ஒரு கருங்கோடாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, பழக்க தோஷத்தில் வயிற்றில் நடுத்தொனி சேர்ப்பது. சேர்த்த மறுகணம் ஒலிம்பியா டிஷியனின் பெண்ணாகிவிடுவாள். கையைக் கவனியுங்கள்: டிஷியனில் விரல்கள் தளர்ந்து வளைகின்றன, மனேயில் உள்ளங்கை அழுத்திப் பதிகிறது. கழுத்தில் கறுப்பு நாடா, காலடியில் நாய்க்குப் பதில் கறுப்புப் பூனை. தெய்வப் பெயர் இல்லை; விலைமகள் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் விளங்கியது. 1865இல் காட்சிக்கு வைத்தபோது கூட்டத்தின் கோபத்துக்குப் பயந்து படத்தை உயரே ஒரு கதவுக்கு மேல் மாற்றித் தொங்கவிட்டார்கள். உடல் திறந்திருந்தது மட்டும் காரணமென்றால் அந்தக் காலத்துக் காட்சிகளின் வீனஸ்களையும் ஏற்றியிருக்க வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் ஆங்கரின் 1814ஆம் ஆண்டு 'பெரிய ஒடலிஸ்க்' (முதுகு காட்டிப் படுத்திருக்கும் அந்தப்புரப் பெண்) பற்றி ஒரு சொல். முதுகு நீளம், மூன்று முள்ளெலும்பு கூட என்று அன்றைய விமர்சகர்கள் நையாண்டி செய்தார்கள். படியெடுக்கும்போது அந்த நீளத்தைத் திருத்தாதீர்கள். திருத்திய படி ஒன்றையும் தனியே வரைந்து பார்த்தால் அவர் ஏன் நீட்டினார் என்று கைக்கே தெரியும். போத்திச்செல்லியின் வீனஸ் நிற்க முடியாத நிலையில் நிற்பதும் அப்படித்தான்.

நம் தோலின் நிறம்

ஐரோப்பியப் பாடங்களின் தோல் நிறக் கலவைகள் இங்கே உதவாது. 'ஃபிளெஷ் டின்ட்' என்று விற்கும் ரியூப் பணத்துக்குக் கேடு. வெளிர்த் தோலில் உருவத்தைச் சொல்வது நிழல். கருந்தோலில் சொல்வது மினுக்கம். அது சிறியது, கூர்மையானது, ஒளி வரும் மூலத்தின் நிறத்தை வாங்கிக்கொள்வது. வெளியில் வானத்தின் நீலம் கலந்து குளிர்ச்சியாக இருக்கும்.

தொடங்க ஆறு ரியூப்: டைட்டானியம் வெள்ளை, யெலோ ஓக்கர், லைட் ரெட், பேர்ன்ட் சியன்னா, பேர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின். நடுத்தொனிக்குச் சியன்னா 2 பங்கு, ஓக்கர் 2, வெள்ளை 1, அல்ட்ராமரின் கத்தி நுனியில் தொட்ட அளவு. நிழலுக்கு அம்பர் 2, அல்ட்ராமரின் 1, சியன்னா 1. ஆளுக்கு ஆள் மாறும், இது தொடக்கம் மட்டும். வெளிறச் செய்ய வெள்ளையை மட்டும் கொட்டினால் தோல் சாம்பல் பூசியது போலாகும். ஓக்கரோடு சேர்த்துச் சிறிது லைட் ரெட்டும் போட்டு ஏற்றுங்கள். உள்ளங்கைக்கும் பாதத்தின் அடிக்கும் வேறு கலவை வேண்டும். பிரவுண் பேப்பரில் கரியால் வரைவதானால் தாளே நடுத்தொனி, வெள்ளைப் பாஸ்டல் மினுக்கத்துக்கு மட்டும். கரியும் வெள்ளையும் ஒன்றையொன்று தொட்டால் நீலச் சேறாகும்.

சிகிரியாவின் 5ஆம் நூற்றாண்டுப் பெண்களைப் பாருங்கள். சிவப்புக் காவி, மஞ்சட் காவி, பச்சை மண். இந்தச் சிறு தட்டிலேயே பொன்னிறத் தோலும் கருந்தோலும் அருகருகே வருகின்றன. உடல்கள் இடையோடு மேகத்தில் மறைவதால் நிற்கும் கால்களின் சிக்கலே இல்லை. அதனால்தான் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. அங்கே படம்பிடிக்க அனுமதி இல்லை, அச்சில் வந்த நல்ல படங்களைத் தேடுங்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சப்புமல் மன்றத்தையும் எட்டிப் பார்க்கலாம். 1943இல் தோன்றிய இலங்கை நவீன ஓவியர் அமைப்பான '43 குழுவினரின் அசல் ஓவியங்கள் அங்கே உண்டு.

உயிருள்ள உடலுக்கு வருதல்

கல்லடி, நாவலடிக் கரையில் கரைவலை இழுப்பவர்களைக் காலையில் பாருங்கள். சாரத்தோடு, மேலுடல் திறந்து, முழுப் பாரத்தையும் பின்னால் சாய்த்து இழுக்கும் உடல்கள். எந்தக் கலைக்கூடமும் இந்த நிலையில் ஒருவரை நிறுத்தி வைக்க முடியாது. அவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். முகத்தை அடையாளம் தெரியும்படி வரைய வேண்டியதில்லை. 30 விநாடிக்கு ஒரு உருவம்: தலையிலிருந்து பாரம் தாங்கும் பாதம் வரை ஒற்றைக் கோடு, பிறகு தோள், இடுப்புச் சாய்வு. அவ்வளவுதான். ஆண் உடலை மட்டும் பழகினால் பெண் உடல் வருமா என்று கேட்பார்கள். மைக்கலாஞ்சலோ வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயக் கூரையில் வரைந்த லிபியச் சிபில் என்னும் குறிசொல்லும் பெண்ணுக்கு ஆண் மொடலை வைத்தே செஞ்சுண்ணத்தால் ஆய்வு வரைந்தார். அந்தத் தாள் இன்று நியூயோர்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலும்பு விதி ஒன்றே. இடுப்பின் அகலமும் கொழுப்பு படியும் இடங்களும் மாறும்.

பெண்களுக்குக் கண்ணாடி. லண்டன் ரோயல் அக்கடமி 1893 வரை மாணவியரை உயிர் மொடல் வகுப்புக்குள் விடவில்லை. விட்டபோதும் மொடல் பாதி மூடியே இருந்தார். ஜேர்மன் பெண் ஓவியர் பவுலா மோடர்ஸன்-பெக்கர் 1906இல் தன் உடலையே மேலாடையின்றி வரைந்தார். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு முழங்கால், தோள், வயிறு என்று பாகம் பாகமாக வரையலாம். முதுகுக்கு இரண்டு கண்ணாடி. போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வரையாதீர்கள். போன் லென்ஸ் அருகில் இருப்பதைப் பெருப்பிக்கும்; அந்தப் படம் வேறு கைக்குப் போனால் திரும்ப வாங்கவும் முடியாது. வேறொருவர் உங்களுக்கு அமர்ந்தால் 18 வயது தாண்டியிருக்க வேண்டும், முழுச் சம்மதம் வேண்டும், எந்த நேரமும் எழுந்து போக உரிமை வேண்டும்.

வெளிச்சத்துக்கு 'வடக்கு யன்னல்' என்று புத்தகங்கள் சொல்லும். ஐரோப்பாவில் சரி. நாம் பூமத்திய கோட்டுக்கு ஏழரைப் பாகைக்குச் சற்றே கூடுதலாக வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலாலேயே நேர் வெயில் இறங்கலாம். யன்னலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், அல்லது இரவில் ஒற்றை மின்குமிழைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் சாய்வாக வையுங்கள். கூரைக் குமிழை அணைக்க மறக்க வேண்டாம். இரண்டு ஒளி விழுந்தால் இரண்டு நிழல் விழும், மசாச்சோவிடம் படித்தது வீண்.

பத்திரப்படுத்தல்

கரி ஓவியங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து மட்டையில் தட்டையாக அடுக்குங்கள், சுருட்டினால் உதிரும். முடிக்கு அடிக்கும் ஸ்பிரே கரியைப் பிடித்து நிறுத்தும், ஆனால் நாளடைவில் மஞ்சளாகும். பயிற்சித் தாளுக்குப் பரவாயில்லை. கன்வஸைச் சுவரோடு ஒட்டிச் சாத்தாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மாரியில் பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும், பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள். படியெடுத்தவற்றின் பின்புறத்தில் மூல ஓவியரின் பெயர், படத்தின் பெயர், 'பிரதி' என்ற சொல், உங்கள் பெயர், திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். முன்புறத்தில் கையெழுத்து வேண்டாம். மூலத்தின் அதே அளவில் பிரதி செய்வதையும் தவிருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து படியெடுப்பவர்களுக்கும் அதற்கு அனுமதி இல்லை.